முதல் பத்து பிக்குக்குள் வந்த ரூக்கி: கொடுத்த விலைக்குத் தேறுவானா, எதை வைத்துச் சொல்வது?

#1 நாலாவது_டவுன்

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.ல ஒவ்வொரு நவம்பரும் இதே சண்டைதான். ட்ராஃப்ட்ல, அதாவது அணிகள் முறை (பிக்) வைச்சு காலேஜ் ஆளுங்களை எடுக்கறதுல, மேலே எடுத்த ரூக்கி (முதல் வருஷப் பையன்) எட்டு ஆட்டம் ஆடியிருப்பான். ஒரு கூட்டம் "பஸ்ட்" (தேறாத ஆள்) என்று எழுதித் தள்ளும், இன்னொரு கூட்டம் "மூணு வருஷம் பொறுங்க" என்று வாயை அடைக்கும். ரெண்டாலும் எதுவும் தெரிஞ்சுக்க முடியல.

2024 ட்ராஃப்டையே எடுத்துக்கோங்க. முதல் பிக் குவார்ட்டர்பேக் (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்தறவர்) கேலப் வில்லியம்ஸ்: 20 டச்டவுன் (எல்லைக்குள்ள பந்தைச் சேர்த்த ஸ்கோர்), 6 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடிச்ச பாஸ்), ஆனா 68 ஸாக் (எறியறதுக்குள்ள அவரையே வீழ்த்தினது). ரெண்டாவது பிக் குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ்: 25 டச்டவுன், 9 இன்டர்செப்ஷன், ஓடி எடுத்தது மட்டும் 891 யார்டு, அணி 12-5 (12 வெற்றி, 5 தோல்வி). நாலாவது பிக் ரிசீவர் (பாஸைப் பிடிக்கிறவர்) மார்வின் ஹாரிசன் ஜூனியர் 885 யார்டு. ஆறாவது பிக் ரிசீவர் மலிக் நேபர்ஸ் 1,204 யார்டு.

என் கேள்வி இதுதான்: முதல் சீசனை வைச்சு எதை உறுதியாச் சொல்லலாம்? எந்தக் கணக்கு ஏமாத்தும்? பொசிஷன் வாரியா, அளவோட சொல்லுங்க. யாருக்கு எந்த அணி பிடிக்கும்னு இங்கே வேண்டாம்.

#2 கேப்_கணக்கர்

முதலில் மூன்று கேள்விகளைப் பிரித்து வையுங்கள். ஆள் நல்ல வீரனா? அந்த பிக்குக்கு அவன் தகுந்தவனா? இனிமேல் அவனை வைத்துக்கொள்ளலாமா? மூன்றுக்கும் வெவ்வேறு பதில் வரலாம். இந்தச் சண்டைகளில் பாதிக்கு மேல் ஒருவர் முதல் கேள்விக்கும் மற்றவர் இரண்டாவதுக்கும் பதில் சொல்வதால்தான் முடியாமல் இழுக்கிறது.

இரண்டாவது கேள்விக்குக் கணக்கு உண்டு. 2010இல் முதல் பிக் சாம் பிராட்ஃபர்ட், ஒரு ஸ்னாப் (பந்தைக் கொடுத்துத் தொடங்கும் ஒரு ஆட்டத் துண்டு) ஆடும் முன்பே ஆறு ஆண்டுக்கு 78 மில்லியன் டாலர் ஒப்பந்தம், அதில் 50 மில்லியன் கேரன்டி. 2011இல் புதிய தொழிலாளர் ஒப்பந்தம் வந்தது. அந்த ஆண்டின் முதல் பிக் கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்குச் சுமார் 22 மில்லியன்தான். அதிலிருந்து பிக் எண்ணை வைத்தே சம்பளம் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. இதில் பலர் கவனிக்காத ஒன்று: பொசிஷன் எதுவானாலும் அந்த இடத்துக்கு அதே சம்பளம்.

2018ஐப் பாருங்கள். முதல் பிக் குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டுக்கு ஆண்டுச் சராசரி 8 மில்லியனைச் சற்றுத் தாண்டும். அந்தக் கோடையில் குவார்ட்டர்பேக் மேட் ரயன் ஆண்டுக்கு 30 மில்லியன் வாங்கினார். குவார்ட்டர்பேக் தேறினால் அணிக்கு ஆண்டுக்கு 20 மில்லியனுக்கு மேல் மிச்சம். இரண்டாவது பிக் ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) சாக்வான் பார்க்லிக்குச் சராசரி 8 மில்லியனுக்குச் சற்றுக் கீழே. அதே கோடையில் டாட் கர்லி 14 மில்லியன் சொச்சத்துக்குக் கையெழுத்திட்டு, அந்த பொசிஷனில் உச்சத்தில் நின்றார். ஆக பார்க்லி லீகிலேயே சிறந்தவராக ஆடினாலும் மிச்சம் ஆறேழு மில்லியன்தான். ஆள் எவ்வளவு நல்லவன் என்பதை இந்தக் கணக்கு தொடவே இல்லை. அந்த இடத்தில் அவனை எடுத்ததால் அணிக்கு என்ன கிடைத்தது என்பதை மட்டும் சொல்கிறது.

இன்னொரு பக்கம் பிக்கின் விலை. ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்த காலத்து கவ்பாய்ஸ் அணியின் பிக் மதிப்பு அட்டவணையில் முதல் பிக் 3000 புள்ளி, பத்தாவது 1300, முப்பத்திரண்டாவது 590. ஆய்வாளர்கள் கேட் மாஸ்ஸியும் ரிச்சர்ட் தேலரும் பழைய சம்பள முறைக் காலத்துத் தரவை அலசி, அணிகள் உச்சியில் உள்ள பிக்குகளுக்கு அளவுக்கு மீறிக் கொடுக்கின்றன, செலவுக்கு அதிகப் பலன் இரண்டாம் சுற்றுப் பக்கம்தான் கிடைக்கிறது என்று காட்டினார்கள். 2011க்குப் பிறகு உச்சியில் சம்பளம் இறங்கியதால் அந்த வளைகோட்டை அப்படியே இன்றைக்கு எடுத்து வைக்கக் கூடாது. அவர்கள் கண்ட இன்னொன்று இன்றும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்: ஒரே பொசிஷனில் அடுத்தடுத்து எடுத்த இருவரில் முன்னால் எடுத்தவன் மேலாக வரும் வாய்ப்பு பாதிக்குச் சற்றுத்தான் அதிகம். அதனால் மேலே ஏற டிரேடு (பிக்குகளையோ ஆட்களையோ கொடுத்து மாற்றுவது) செய்து எடுத்த ஆளை இன்னும் கறாராக எடைபோட வேண்டும்.

#3 ஃபிலிம்_அறை

குவார்ட்டர்பேக்கைப் பத்தி நான் சொல்றேன். இங்கேதான் முதல் வருஷத்து மேலோட்ட எண்கள் ரொம்ப ஏமாத்தும், அதுவும் ரெண்டு பக்கமும்.

மோசமாத் தெரிஞ்சு தேறினவங்க: ட்ராய் எய்க்மன் 1989ல ஸ்டார்ட் பண்ண 11 ஆட்டத்துலயும் தோல்வி. பேய்டன் மேனிங் 1998ல 28 இன்டர்செப்ஷன், அணி 3-13. அடுத்த வருஷம் 13-3. ஜேரட் காஃப் 2016ல 0-7. ஜாஷ் ஆலன் 2018ல 52.8 சதவீதம் கம்ப்ளீஷன் (போய்ச் சேர்ந்த பாஸ்), 10 டச்டவுன், 12 இன்டர்செப்ஷன், 2020ல 69.2 சதவீதம்.

நல்லாத் தெரிஞ்சு நிக்காதவங்க: ராபர்ட் கிரிஃபின் 2012ல 20 டச்டவுன், வெறும் 5 இன்டர்செப்ஷன், ரூக்கி விருது. பிளேஆஃப்ல (சீசனுக்குப் பிந்தின நாக் அவுட் ஆட்டங்கள்) முழங்கால் போச்சு, பிறகு பழைய ஆள் வரவே இல்ல. மேக் ஜோன்ஸ் 2021ல 22 டச்டவுன், அணி 10-7, பிளேஆஃப். 2024ல ஆறாம் சுற்று பிக்குக்குக் கைமாறினான்.

அப்போ எதைப் பாக்கணும்?

முதல்ல, பிரஷர் (எதிரணி குவார்ட்டர்பேக்கை நெருக்கறது) ஸாக்கா மாறுற விகிதம். மொத்த ஸாக்கை மொத்த பிரஷரால வகுங்க. 200 பிரஷர்ல 36 ஸாக்னா 18 சதவீதம், கவலையில்ல. 50 ஸாக்னா 25 சதவீதம், பந்தை வைச்சுக்கிட்டே நிக்கிறான்னு அர்த்தம். இது காலேஜ்லேருந்தே ஆளோட கூட வர்ற குணம். அணி மாறினாலும், லைன் (குவார்ட்டர்பேக்கைக் காக்கிற முன்வரிசை) மாறினாலும் அவ்வளவா மாறாது. ஸாக்னா லைன்மேல மட்டும் பழி போடறது தப்பு. கேலப்போட 68லயும் ஒரு பங்கு லைனோடது, ஒரு பங்கு அவரோடது. ஒவ்வொரு ஸாக்கையும் ஓட்டிப் பாருங்க. ஸ்னாப்லேருந்து 2.5 நொடிக்குள்ள விழுந்திருந்தா பெரும்பாலும் லைன் தப்பு. 3.5 நொடி தாண்டி விழுந்திருந்தா பெரும்பாலும் குவார்ட்டர்பேக் தப்பு. நடுவுல இருக்கிறதை ரிசீவர் ஓடின பாதையை (ரூட்) பாத்துத்தான் சொல்ல முடியும்.

ரெண்டாவது, யாரும் நெருக்காத சுத்தமான பாக்கெட்ல (லைன் காத்து நிக்கிற இடம்) எப்படி எறியறான். பிரஷருக்குக் கீழ வர்ற எண்கள் வருஷத்துக்கு வருஷம் குதிக்கும்; சுத்தமான பாக்கெட் எண்கள்தான் நிலையா நிக்கும். ரூக்கியா இருக்கும்போது பிரஷர்ல அற்புதம் பண்றவனை நம்பி ஏமாறாதீங்க.

மூணாவது, ஸ்க்ரீனையும் (பக்கத்துலயே போடற குட்டிப் பாஸ்) ப்ளே ஆக்‌ஷனையும் (ஓடற மாதிரி காட்டிட்டு எறியறது) கழிச்சுட்டுப் பாருங்க. கோச் ஸ்க்ரீனா அடுக்கினா பாஸர் ரேட்டிங் (எறியறவனோட மதிப்பெண்) அழகா இருக்கும். 3வது டவுன்ல (நாலு வாய்ப்புல மூணாவது) 7 யார்டுக்கு மேல வேணுங்கிறப்போ, எல்லாருக்கும் பாஸ்னு தெரிஞ்ச இடத்துல, முதல் ரீடை (முதல்ல பாக்கிற ரிசீவரை) விட்டு ரெண்டாவது மூணாவது ரீடுக்குப் போறானா? அதுக்கு ஆட்ட வீடியோ, அதாவது ஃபிலிம்தான் வழி, டேபிள்ல கிடைக்காது.

இன்டர்செப்ஷனை ரகம் பிரிங்க. ரிசீவர் கையில பட்டுத் தெறிச்சது, பாதி முடியறப்போ சும்மா தூக்கிப் போட்டது, இதெல்லாம் கணக்குல வேண்டாம். நடுவுல நிக்கிற எதிரணி லைன்பேக்கரைப் பாக்காம எறிஞ்சது மட்டும் கணக்கு. அந்த ரகம் முதல் ஆறு ஆட்டத்துல அஞ்சும் கடைசி ஆறு ஆட்டத்துல ஒண்ணும்னா பையன் கத்துக்கறான்.

#4 தெற்கு_எண்ட்சோன்

அணிச் சூழலை விட்டுட்டீங்களே அண்ணே. காஃப் 0-7லேருந்து எப்படி வந்தார்? 2017ல ஷான் மெக்வே கோச்சா வந்தார், இடது டேக்கிளுக்கு (லைனோட இடது ஓரம்) ஆண்ட்ரூ விட்வர்த் வந்தார், ரிசீவருக்கு ராபர்ட் வுட்ஸும் கூப்பர் கப்பும் வந்தாங்க. கேலப்புக்கும் அந்த சீசன் நவம்பருக்குள்ள ஆஃபென்ஸ் கோஆர்டினேட்டரும் (தாக்குதல் ஆட்டத்துக்கான கோச்) போனார், தலைமைக் கோச்சும் போனார். குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் ரூக்கியா 2017 முழுக்க அலெக்ஸ் ஸ்மித் பின்னால உக்காந்தார், ஆடினது கடைசி ஆட்டம் ஒண்ணுதான். அடுத்த வருஷம் 50 டச்டவுன்.

#5 ஃபிலிம்_அறை

விடல தம்பி, அதனாலதான் ஸாக்கை நொடி வாரியா பிரிக்கச் சொன்னேன். சூழல்னு பொதுவாச் சொன்னா எல்லாத் தப்பையும் அதுக்குள்ள ஒளிச்சுடலாம். எந்த ஸாக் சூழலால, எது ஆளால, எண்ணிப் பிரிச்சா வாதமே வேண்டாம். கோச் மாறினதுக்குப் பிறகும் அதே தப்பு அதே எண்ணிக்கையில வந்தா அது ஆளோடது.

#6 நாலாவது_டவுன்

பிரைஸ் யங் விஷயத்தை இந்தக் கணக்குல எப்படி வைப்பீங்க? 2023ல முதல் பிக்குக்கு ஏறி குவார்ட்டர்பேக் யங்கை எடுக்க பேந்தர்ஸ் கொடுத்தது 9வது பிக், 61வது பிக், 2024 முதல் சுற்று, 2025 ரெண்டாம் சுற்று, கூட ரிசீவர் டி.ஜே. மூர். அந்த சீசன் 2-15, 62 ஸாக். அவங்க கொடுத்த 2024 முதல் சுற்று பிக்தான் கேலப் வில்லியம்ஸ் ஆச்சு. ரெண்டாவதா போன குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுட் 4,108 யார்டு, 23 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன்.

#7 கேப்_கணக்கர்

இங்கேதான் மூன்று கேள்விகளும் தனித்தனியாக நிற்கின்றன. அந்த டிரேடு விலைக்குத் தகுந்ததா என்ற கேள்வி 2023 சீசன் முடிந்தபோதே ஏறக்குறைய முடிந்துவிட்டது. கொடுத்தவற்றில் 2024இன் முதல் பிக்கே இருந்தது, அதற்கு மேல் தேர்ந்த ரிசீவர் ஒருவர். யங் நல்ல ஸ்டார்ட்டராக வந்தாலும் அது ஈடாகாது. ஆனால் அடுத்த ஞாயிறு அவரை ஆட விடலாமா என்பதற்கும் அந்த டிரேடுக்கும் சம்பந்தமே இல்லை. 2024இல் இரண்டு ஆட்டத்துக்குப் பின் உட்காரவைத்தார்கள், சீசன் நடுவில் திரும்ப வந்தார், 15 டச்டவுன், 9 இன்டர்செப்ஷன் என்று முடித்தார், கடைசி மாதங்களில் தெளிவாக முன்னேறினார். கொடுத்த விலையை நினைத்து ஆட வைப்பதும் தவறு, அதே விலையை நினைத்துக் கோபத்தில் விற்பதும் தவறு.

நேர்மாறான பக்கம் குவார்ட்டர்பேக் ட்ரே லான்ஸ். ஃபார்ட்டிநைனர்ஸ் 2021இல் 12லிருந்து 3க்கு ஏற, அதற்குமேல் இரண்டு எதிர்கால முதல் சுற்று பிக்கும் ஒரு மூன்றாம் சுற்று பிக்கும் கொடுத்தது. அவர் அங்கே ஸ்டார்ட் செய்தது நான்கு ஆட்டம். 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்று பிக்குக்குக் கொடுத்துவிட்டார்கள். 262வது பிக், 2022 ட்ராஃப்டின் கடைசிப் பெயர், குவார்ட்டர்பேக் பிராக் பர்டி கையில் இருந்தார். விலையை மறந்து முடிவெடுத்ததால்தான் அந்த அணி அதே சீசனில் சூப்பர் பவுல் (லீகின் இறுதி ஆட்டம்) வரை போனது.

#8 இடது_டேக்கிள்

ஓ-லைன் (தாக்குதல் முன்வரிசை) ஆளுங்களை யாருமே ஒழுங்கா எடைபோடறதில்ல. இந்த இழையிலயாவது பேசுவோம்.

டேக்கிளுக்கு முதல் எட்டு ஆட்டத்தை வைச்சு எதுவும் சொல்லாதீங்க. 2020ல நாலாவது பிக் ஆண்ட்ரூ தாமஸ் முதல் பாதியில படு மோசம். கணுக்கால் வலியோட ஆடி, சீசன் முடிஞ்சதும் அறுவை சிகிச்சை. 2022ல ரெண்டாம் ஆல் ப்ரோ (சீசனோட சிறந்த வீரர்கள்) அணியில பேர் வந்தது. 2021ல ஏழாவது பிக் பெனே சூவல், காலேஜ்ல இடது பக்கம் ஆடினவரை லயன்ஸ் வலது பக்கம் போட்டுப் பழக்கினாங்க. ப்ரீ சீசன்ல (சீசனுக்கு முந்தின பயிற்சி ஆட்டங்கள்) தடுமாறினதைப் பாத்துக் கிண்டல் பண்ணாங்க. 2023ல ஆல் ப்ரோ, 2024ல 4 வருஷத்துக்கு 112 மில்லியன் ஒப்பந்தம்.

பக்கம் மாறறது சின்ன விஷயம் இல்ல. பின்னால தள்ளி வைக்கிற கால் மாறும், முதல்ல நீட்டற கை மாறும், இடுப்பு திறக்கிற திசை மாறும். பல வருஷமா உடம்பு பழகினதைத் திருப்பிப் போடணும். அதனால ரூக்கி பக்கம் மாறியிருந்தா அந்த சீசனோட பிரஷர் எண்ணிக்கையைத் தனியா வைங்க.

எண்ணிக்கைன்னு வந்தா மொத்தப் பிரஷரைப் பாக்காம, அவனைத் தனியா விட்ட ஸ்னாப்களைப் பாருங்க. ஸ்க்ரீன், ப்ளே ஆக்‌ஷன், ஒண்ணரை நொடியில பந்து போற குயிக் பாஸ், டைட் எண்ட் (லைன் ஓரத்துல நின்னு தடுக்கவும் பிடிக்கவும் செய்யறவர்) வந்து தோள் கொடுத்த ஸ்னாப், ரன்னிங் பேக் இடிச்சுட்டுப் போன ஸ்னாப், எல்லாத்தையும் கழிங்க. மிச்சம் இருக்கறதுல எத்தனைக்கு எத்தனை பிரஷர்? ரெண்டு ரூக்கியும் 40 பிரஷர் விட்டிருக்கலாம். ஒருத்தனுக்கு மூணு ஸ்னாப்புக்கு ஒரு தடவை உதவி வந்திருக்கும், இன்னொருத்தனைத் தனியா விட்டிருப்பாங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல.

அப்புறம் எப்படித் தோத்தான்னு பாருங்க. வெளிப்பக்கம் வேகத்துக்குத் தோத்தா காலை முன்னாடியே நகர்த்தக் கத்துக்குடுக்கலாம். பவருக்குத் தோத்து பின்னால தள்ளப்பட்டா ஒரு ஆஃப்சீசன் எடைப் பயிற்சியில பாதி சரியாகும். கையை லேட்டா போடறது, வெளியே பாத்துக்கிட்டே உள்பக்கம் விட்டுடறது, இது ரெண்டாவது வருஷமும் வந்தா எனக்கு பயம். 2022 ஏழாவது பிக் எவன் நீலுக்கு அதுதான் நடந்தது. ஜயன்ட்ஸ் அஞ்சாம் வருஷ ஆப்ஷனை (அஞ்சாவது வருஷமும் வைச்சுக்கற அணியோட உரிமை) எடுக்கல.

#9 ரூட்_மரம்

ரிசீவருக்கு: ஓடின ரூட் ஒண்ணுக்கு எத்தனை யார்டு. மொத்த யார்டை மொத்த ரூட்டால வகுங்க. ரூக்கி 1.8 தாண்டினா நல்ல அறிகுறி, 2 தாண்டினா பெரிய ஆள். 1க்குக் கீழ முடிச்சவங்க பெரும்பாலும் எழுந்திருக்கறதில்ல. அதோட ரூட்டுக்கு எத்தனை டார்கெட்டுன்னும் (அவனை நோக்கி எறிஞ்ச பாஸ்) பாருங்க. குவார்ட்டர்பேக் சரியில்லன்னா பந்து கையில சேராது. ஆனா திறந்து நிக்கிறவனைத் தேடி பந்து வந்துக்கிட்டேதான் இருக்கும். நேபர்ஸ் 15 ஆட்டத்துல 170 டார்கெட், சுமாரான குவார்ட்டர்பேக்குகளோட. ஹாரிசனுக்கு 116. டச்டவுன்ல ஹாரிசன் 8, நேபர்ஸ் 7. டச்டவுனை மட்டும் பாத்தவங்க அதனாலதான் ரெண்டு பேரும் சமம்னு எழுதினாங்க.

ப்ரீ சீசன் டிராப்பை (நழுவ விட்ட பாஸ்) மறந்துடுங்க. 2021 ஆகஸ்ட்ல ஜமார் சேஸ் பந்தை விட்டுக்கிட்டே இருந்தார். சீசன்ல 1,455 யார்டு, 13 டச்டவுன்.

#10 தெற்கு_எண்ட்சோன்

அப்போ 2021ல பெங்கால்ஸ் 5வது பிக்ல சேஸை விட்டு சூவலை எடுத்திருக்கணுமா? அவங்க குவார்ட்டர்பேக் பர்ரோ அதுக்கு முந்தின வருஷம்தான் முழங்கால் கிழிஞ்சு வெளியே போனார். சேஸ் வந்த சீசன்ல பர்ரோவுக்கு 51 ஸாக், லீக்லயே அதிகம். பிளேஆஃப்ல டைட்டன்ஸ் ஆட்டத்துல மட்டும் இன்னும் 9.

#11 இடது_டேக்கிள்

என் பொசிஷனா இருந்தும் சொல்றேன், சேஸ் எடுத்தது சரிதான். அந்த 9 ஸாக் ஆட்டத்தை அவங்க ஜெயிச்சாங்க, சூப்பர் பவுலும் போனாங்க. சூவல் ரூக்கி சீசன்ல வலது இடதுன்னு மாறி மாறிப் பழகிக்கிட்டிருந்தார். முதல் வருஷமே அந்த 51ஐப் பாதியாக்கியிருப்பார்னு யாரும் சொல்ல முடியாது. ஒரு டேக்கிள் நல்லவனா இருந்தா பக்கத்துல நிக்கிற கார்டு (லைனோட உள் ஆள்) மேல பிரஷர் வரும், அவ்வளவுதான். லைனை ஒரு பிக்கால சரி பண்ண முடியாது.

#12 கேப்_கணக்கர்

எட்ஜ் (ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கைத் துரத்துபவர்) பற்றிச் சுருக்கமாக. ஸாக் எண்ணிக்கை ரூக்கி ஆண்டில் பெரும்பாலும் அதிர்ஷ்டம். 4 ஸாக், 50 பிரஷர் எடுத்தவன் 8 ஸாக், 25 பிரஷர் எடுத்தவனைவிட அடுத்த ஆண்டு மேலே வருவான் என்றே பந்தயம் கட்டுவேன். யாரும் தடுக்காமல் விட்ட ஸாக், மற்றவன் துரத்தி வந்து தன் கையில் விழுந்த ஸாக், இவற்றைக் கழியுங்கள். 2022இல் முதல் பிக் ட்ராவன் வாக்கர் 3.5, இரண்டாவது பிக் ஏய்டன் ஹட்சின்சன் 9.5. அன்றைக்கே வாக்கரை முடித்துவிட்டார்கள். அடுத்த இரண்டு சீசனில் 10, 10.5. ஹட்சின்சன்தான் மேலான வீரர் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வாக்கர் பஸ்ட் இல்லை.

கார்னர்பேக்குக்கு (ரிசீவரை மறிப்பவர்) இன்டர்செப்ஷனைப் பார்க்கவே வேண்டாம். சாஸ் கார்ட்னர் 2022இல் இரண்டே இரண்டு எடுத்து முதல் ஆல் ப்ரோ அணிக்குப் போனார்.

#13 பின்கள_ஓட்டம்

கேப்_கணக்கர் ஐயா, #2ல பார்க்லி பத்திச் சொன்னதை ஏத்துக்க முடியல. ரூக்கி வருஷம் ஓடியும் பிடிச்சும் 2,028 யார்டு. 2024ல ஈகிள்ஸ்ல 2,005 யார்டு ஓடி சூப்பர் பவுல் ஜெயிச்சார். இவர் தகுதி இல்லன்னா யார்?

#14 கேப்_கணக்கர்

அவர் தகுதி இல்லை என்று நான் சொல்லவில்லை ஐயா. 2,028 யார்டு எடுத்த அந்த ஆண்டு ஜயன்ட்ஸ் 5-11. அதே ட்ராஃப்டில் ஏழாவதாக ஜாஷ் ஆலன், முப்பத்திரண்டாவதாக லமார் ஜாக்சன் என்ற குவார்ட்டர்பேக்குகள் இருந்தார்கள். ரன்னிங் பேக்தான் வேண்டுமென்றால் 35வது பிக்கில் நிக் சப் கிடைத்தார். குவார்ட்டர்பேக் இல்லாததால் மறு ஆண்டு 6வது பிக்கில் டேனியல் ஜோன்ஸை எடுத்தார்கள். ஈகிள்ஸ் பார்க்லியை வாங்கியது மூன்று ஆண்டுக்கு 37.75 மில்லியனுக்கு, லைன் முழுதாகத் தயாரான பிறகு, ஒரு பிக்கும் கொடுக்காமல். அதே ஆள்தான், விலையும் வந்து சேர்ந்த காலமும் வேறு.

#15 பின்கள_ஓட்டம்

அப்படின்னா லயன்ஸ்? 2023ல 12வது பிக்ல ரன்னிங் பேக் ஜமீர் கிப்ஸ், 18வதுல லைன்பேக்கர் ஜாக் காம்ப்பெல். ரெண்டும் மிச்சம் தராத பொசிஷன்னு எல்லாரும் திட்டினாங்க. அந்த சீசனே மாநாட்டு இறுதி (சூப்பர் பவுலுக்கு முந்தின ஆட்டம்) வரை போனாங்க. லைன் இருக்கு, குவார்ட்டர்பேக் இருக்குன்னா ஆட்டத்தை மாத்தற ஆளை எடுக்கறதுல என்ன தப்பு? மிச்சம் பிடிச்ச பணத்துக்கு யார்டு தரமாட்டாங்க.

#16 கேப்_கணக்கர்

அணி முழுமையாக இருந்தால் கணக்கு மாறும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டாவது பிக் வைத்திருக்கும் அணி பெரும்பாலும் முழுமையாக இருக்காது, அதனால்தானே அந்த பிக் கிடைத்தது. 12க்கும் 2க்கும் இடையே ஜான்சன் அட்டவணையில் 1400 புள்ளி வித்தியாசம். கிப்ஸை வைத்து பார்க்லி பிக்கை நியாயப்படுத்த முடியாது.

#17 நாலாவது_டவுன்

இந்த இடத்துல ரெண்டு பேரும் ஒத்துப் போகப் போறதில்லன்னு தெரியுது, அது பரவாயில்ல. மூணாவது கேள்விக்கு வருவோம். வைச்சுக்கறதா வேண்டாமா, எப்போ முடிவு?

#18 கேப்_கணக்கர்

முதல் சுற்று ஆளுக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம், ஐந்தாவது ஆண்டு அணியின் ஆப்ஷன். மூன்றாவது சீசன் முடிந்து வரும் மே மாதத் தொடக்கத்துக்குள் சொல்லிவிட வேண்டும். 2020 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆப்ஷனை எடுத்த அன்றே தொகை முழுதும் கேரன்டி. எவ்வளவு ஸ்னாப் ஆடினான், ப்ரோ பவுல் (நட்சத்திர ஆட்டம்) போனானா என்பதை வைத்து அந்தத் தொகைக்கு நான்கு படிகள். எனவே உண்மையில் கையில் இருப்பது மூன்று சீசன் சான்றுதான். அதே நேரத்தில் நீட்டிப்பு ஒப்பந்தமும் பேசலாம் என்றாகிவிடும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு ஒரு சீசனை மட்டும் பார்ப்பது. ஜயன்ட்ஸ் 2022இல் டேனியல் ஜோன்ஸின் ஆப்ஷனை வேண்டாம் என்றது. அந்த சீசன் நன்றாக ஆடி பிளேஆஃப் போனார். 2023 மார்ச்சில் 4 ஆண்டு, 160 மில்லியன். 2024 நவம்பரில் விடுவித்தார்கள். மூன்று ஆண்டு சொன்னதை நான்காவது ஆண்டு ஒன்று அழித்துவிட்டது.

விற்பதானால் இதையும் கவனியுங்கள்: கையெழுத்து போனஸ் பழைய அணியின் கேப்பிலேயே (சம்பள வரம்புக் கணக்கு) தங்கும். வாங்கும் அணி மிச்சச் சம்பளம் மட்டும் தரும். அதனால் தேறாத உயர் பிக்கை வாங்க எப்போதும் ஒருவர் இருப்பார், விலைதான் அடிமாட்டு விலை.

#19 தெற்கு_எண்ட்சோன்

கடைசியா ஒண்ணு. காயத்தால நாலஞ்சு ஆட்டம் மட்டும் ஆடின ரூக்கியை எந்தப் பக்கம் வைக்கறது?

#20 ஃபிலிம்_அறை

அந்த சீசனை ஆட்டத்தை வைச்சு எடைபோடாதீங்க, காயத்தை வைச்சு எடைபோடுங்க. எலும்பு முறிவு, கை விரல், தோள்னா மறு வருஷம் புதுசா ஆரம்பிங்க. முழங்கால் தசைநார், அக்கிலீஸ் (குதிகால் நாண்)னா திரும்பி வந்த முதல் சீசனைக்கூட முழுசா எண்ண வேண்டாம். முக்கியமா வேகத்தை நம்பி எடுத்த கார்னரும் ஓடற குவார்ட்டர்பேக்கும். 2020 மூணாவது பிக் கார்னர் ஜெஃப் ஒகூடா ரெண்டாவது சீசன் முதல் ஆட்டத்துலயே அக்கிலீஸ் கிழிஞ்சு போனார். 2023ல அஞ்சாம் சுற்று பிக்குக்கு ஃபால்கன்ஸுக்குப் போனார். ஆனா அவருக்கு ரூக்கி சீசன் ஃபிலிம்லயே ரிசீவர் திரும்பற இடத்துல ஒரு அடி பின்தங்கறது தெரிஞ்சது. காயத்துக்கு முந்தின ஃபிலிம் ஆறு ஆட்டத்துக்காவது இருந்தா அதை எடுங்க. இல்லன்னா காலேஜ் கடைசி சீசனை எடுத்து, #3ல சொன்ன கணக்கை அதுலயே போட்டுப் பாருங்க.